கோச் செஞ்சவருக்கே கோச்சா?

கேள்வி: ஐயா, நான் பெரம்பூர்ல ரயில் கோச் (பெட்டி) செய்யற ஐ.சி.எஃப். ஃபேக்டரில, ஷெல் டிவிஷன்ல சீனியர் செக்ஷன் இன்ஜினியர். 34 வருஷ சர்வீஸ், இன்னும் 11 மாசத்துல ரிட்டயர்மென்ட். பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன்னு எல்லாக் கணக்கும் போட்டு ஃபைல்ல வச்சாச்சு, வீட்டு லோனும் முடிஞ்சுது. பெங்களூர்ல வேலை பாக்குற பொண்ணு, "அப்பா, பணத்தைத் தவிர நீங்க வேற எதையுமே யோசிக்கல, ரிட்டயர்மென்ட் கோச் ஒருத்தர்கிட்ட பேசுங்க, ஃபீஸ் நான் கட்டறேன்"னு நச்சரிக்கிறா. வாழ்நாள் பூரா கோச் செஞ்சவன்டி நான், எனக்கு எதுக்கு கோச்சுன்னு சிரிச்சுட்டேன். நிஜமாவே இதெல்லாம் தேவையா?
- பெயர் வேண்டாம், வில்லிவாக்கம்

பதில்: சார், உங்க ஜோக்கை படிச்சு நானும் சிரிச்சேன், ஆனா இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. இந்த கோச்சுங்களுக்குன்னு 1995ல ஆரம்பிச்ச சர்வதேச அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட பேரும் சுருக்கமா ஐ.சி.எஃப்.தான்! 1955ல தொடங்கின உங்க ஐ.சி.எஃப்.தான் சீனியர், விட்டுக் குடுக்காதீங்க.

இப்ப என் கதை. நான் 2016ல போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனேன், மாலை, சால்வை, கேசரி, மிக்சர் எல்லாம் ஆச்சு. அடுத்து வந்த திங்கக்கிழமை காலைல ஷேவ் பண்ணி, சட்டைய இன் பண்ணி, பேனாவை பாக்கெட்ல குத்திக்கிட்டு டிபன் பாக்ஸுக்கு கை நீட்டுறேன், வீட்டுக்காரம்மா என்னையே பாத்துட்டு இருந்துட்டு, "சரி கிளம்பினது கிளம்பிட்டீங்க, கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடுங்க"ன்னாங்க. பென்ஷன் பேப்பர்ல ஒரு கையெழுத்து கூட நான் விட்டு வைக்கல சார், ஆனா அந்த திங்கக்கிழமைக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல.

ராபர்ட் அட்ச்லின்னு ஒரு அமெரிக்க சமூகவியல்காரர் 1970கள்லயே இதை கட்டம் கட்டமா எழுதி வச்சிருக்கார். முதல்ல தேனிலவு மாதிரி ஒரு காலம், டூர் போறது, மதியத் தூக்கம், அப்புறம் ஒரு சலிப்பு, அதுக்கப்புறம்தான் மனுஷன் தன்னை மறுபடி அடுக்கிக்கிறான்னு சொல்றார். எல்லாருக்கும் இதே வரிசைல வரும்னு இல்ல, ஆனா எனக்கு அப்படியே வந்துச்சு.

கோச் என்ன பண்ணுவார்னா, பெருசா ஒண்ணும் சொல்ல மாட்டார், கேப்பார், அதான் அவர் வேலையே. வாரத்துக்கு 7 கட்டம் போட்ட ஒரு பேப்பரைக் குடுத்து, ரிட்டயர் ஆன பிறகு ஒரு சாதாரண வாரம் எப்படி இருக்கும்னு மணி வாரியா எழுதச் சொல்வார். நம்ம ஆளுங்க வாக்கிங், பேப்பர், கோயில்னு வேகமா எழுதுவாங்க, பாத்தா காலைல எட்டரைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும், மதியம் வரைக்கும் வெறும் வெள்ளைப் பேப்பர். அப்ப மெதுவா அடுத்த கேள்வி வரும்: ஃபேக்டரியை விட்டா உங்ககிட்ட யார் சார் யோசனை கேப்பாங்க? 2018ல முதல் வந்தே பாரத் உங்க ஃபேக்டரில இருந்துதான் வெளிய போச்சு, அதைப் பத்தி தெருவுல நாலு பேர்கிட்ட நெஞ்சை நிமித்தி பேசியிருப்பீங்க. அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்ல ஒருத்தர் "சார் என்ன பண்றீங்க"ன்னு கேட்டா உங்க பதில் என்ன? நான் "சும்மாதான் இருக்கேன்"னு சொல்லி சொல்லியே ஒரு வருஷம் கூனிப் போனவன்.

இன்னொண்ணு, ஹார்வர்டுல 1938ல இருந்து ஒரே கூட்டத்து ஆளுங்களோட வாழ்க்கையை தொடர்ந்து கவனிச்சுட்டு வராங்க, 724 ஆம்பளைங்களோட ஆரம்பிச்ச ஆய்வு அது. வேலையிடத்து நண்பர்கள் போன இடத்துல புதுசா ஆளுங்களைத் தேடிப் பிடிச்சவங்கதான் ரிட்டயர்மென்ட்ல நல்லா இருந்தாங்கன்னு அதோட தலைவர் ராபர்ட் வால்டிங்கர் சொல்லியிருக்கார். உங்க கேன்டீன் கோஷ்டில, வேலைப் பேச்சை எடுத்துட்டா மிச்சம் பேச எத்தனை பேர் இருப்பாங்க, எண்ணிப் பாத்தீங்களா?

பொண்ணு காசு வேண்டாம்னா ஃப்ரீயா ஒரு பரீட்சை சொல்றேன். எல்.ஏ.பி.யை, அதான் சம்பளத்தோட எடுக்கிற லீவை, 300 நாள் வரைக்கும் காசாக்கலாம்னு கஞ்சத்தனமா சேத்து வச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். அதுல 10 நாளை செலவு பண்ணுங்க. ஊருக்குப் போகக்கூடாது, விசேஷம் கூடாது, வீட்டை பெயின்ட் அடிக்கிற வேலையும் கூடாது, சும்மா வீட்ல இருந்து பாருங்க. நாலாவது நாளே செக்ஷனுக்கு போன் போட்டு "அந்த ஜிக் சரியாச்சா"ன்னு கேட்டீங்கன்னா, பொண்ணு சொன்ன ஆளுக்கு அடுத்த போனைப் போடுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் தமிழக அரசு ஆபீஸ்ல சூப்பிரண்டென்ட்டா இருந்தவர். 58ல முடிய வேண்டியது, 2020ல 59 ஆச்சு, 2021ல 60 ஆச்சு, ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். இப்ப ரிட்டயர் ஆகி மூணு வருஷம். ஃபிரிட்ஜை திறந்து பாதி தேங்காய் மூடி ஏன் இப்படி காஞ்சிருக்கு, சிலிண்டர் எந்த தேதில மாத்தினேன்னு விசாரணை நடக்குது. கோச் அவருக்கா, எனக்கா?
- ஒரு இல்லத்தரசி, மதுரை

பதில்: அம்மா, அவர் ஆபீஸை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார், ஊழியர் ஒருத்தர்தான், அது நீங்க! உங்க பக்கத்துல இருந்து பாத்தா ஒரு ஆள் வந்து உங்க 30 வருஷ டிபார்ட்மென்ட்ல கை வைக்கிறார், உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டரும் வரல, செண்ட் ஆஃப் கேசரியும் இல்ல. கோச்கிட்ட போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க, நாள்ல எத்தனை மணி நேரம் சேர்ந்து, எத்தனை மணி நேரம் தனித்தனியான்னு வாய் விட்டு பேசுறதுக்கே நம்ம வீடுங்கள்ல மூணாவது மனுஷர் வேண்டியிருக்கு.

அதுவரைக்கும் ஒரு இலாகாவை அப்படியே முழுசா அவருக்கு எழுதிக் குடுத்துடுங்க, காய்கறியோ கரண்ட் பில்லோ. ஆனா அவர் முத்தின வெண்டைக்காய் வாங்கிட்டு வந்தாலும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது, அதான் கஷ்டம்.

ஒண்ணு கவனிங்க. தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கல, யாரையும் பாக்கப் பிடிக்கல, இனி எதுக்கு இருக்கணும்ங்கிற மாதிரி பேச்சு வந்துச்சுன்னா அது கோச் வேலை கிடையாது, மனநல டாக்டர் வேலை. அரசோட டெலி மானஸ் நம்பர் 14416, காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: ஊருல பாதிப் பேர் கோச்சுங்கிறான், யாரை நம்புறது?
- ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: டீச்சர், நம்ம நாட்ல கோச்னு போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம், அதனால நீங்கதான் உஷாரா இருக்கணும். மேல சொன்ன அந்த இன்னொரு ஐ.சி.எஃப்.ல ஏ.சி.சி., பி.சி.சி., எம்.சி.சி.ன்னு மூணு படி இருக்கு. கோச்சிங் பண்ணின அனுபவம் குறைஞ்சது 100 மணி நேரம், 500, 2500ன்னு கேப்பாங்க, அதை கூச்சப்படாம விசாரிங்க. பேச்சோட பேச்சா இன்ஷூரன்ஸ் பாலிசியையோ பிளாட்டையோ எடுத்து விட்டார்னா அது கோச் இல்ல, ஏஜென்ட். முதல் சந்திப்பு முடிஞ்சதும், யார் அதிகமா பேசினது, அவரா நீங்களான்னு யோசிச்சுப் பாருங்க. அவர்னா காபிக்கு மட்டும் காசு குடுத்துட்டு எந்திரிச்சு வந்துடுங்க.