சிலையின் முகம் தெரிய வேண்டும்: புகைப்படக் கேள்வி பதில்

வெட்டவெளியில் நிற்கும் சிலைகளின் படங்களை மேம்படுத்துவது பற்றி நம் குழுவினர் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேசில் இருக்கும் கறுப்பு ராஃபிள்ஸ் சிலையைக் கைப்பேசியில் எடுத்தேன் அண்ணா. பின்னால் எல்லாம் வெளுத்துப்போய், முகம் மட்டும் கரிக்கட்டையாக இருக்கிறது. எடிட் செய்தால் சிலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு வருகிறது. (அங் மோ கியோ, மாணவி)

இது இரண்டு தனித்தனிச் சிக்கல். முதலில் இருட்டு. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுக்கு 1887இல் பாடாங் திடலில் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை அது. 1919இல்தான் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. கருத்த வெண்கலத்துக்குப் பின்னால் விக்டோரியா அரங்கின் வெள்ளைச் சுவர், அதற்கு மேல் வானம். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்குகிறது. எடுக்கும்போதே சிலையின் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியன் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். கன்னத்து மேடும் கோட்டு மடிப்பும் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். சுவர் கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை, யாரும் சுவரைப் பார்க்க வரவில்லை. தனிக் கேமரா என்றால் எக்ஸ்போஷரை +1 அளவுக்கு ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம் வெள்ளைக் கோடு. ஷேடோஸ் (இருண்ட பகுதிகளின் வெளிச்சம்), கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர் (இரண்டும் விவரத்தைத் தூக்கிக் காட்டுபவை) மூன்றையும் படம் முழுவதற்கும் ஏற்றினால் இருளும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் இப்படித்தான் வரும். ஸ்னாப்சீட் செயலியில் செலக்டிவ் என்ற கருவி இருக்கிறது. அதன் புள்ளியை முகத்தில் வைத்து, வட்டத்தைச் சுருக்கி, அங்கே மட்டும் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். லைட்ரூம் செயலியில் சிலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது சிலையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஷேடோஸை 30, 40 வரை ஏற்றினால் போதும். நூறு வரை போகாதீர்கள். புருவ மேடு, மூக்குத் தண்டு, கன்னம் இந்த மூன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம் கூடினாலே முகம் உயிர் பெற்றுவிடும். கோட்டும் காலும் இருட்டாகவே இருக்கட்டும். சிற்பி உழைத்தது முகத்தில், நம் கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

மெர்லயனை எந்த நேரத்தில் எடுப்பது நல்லது? நான் எப்போது போனாலும் தட்டையாகவே வருகிறது. (ஈசூன்)

காலையில். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் கிழக்கு நோக்கி நிற்கிறது. விரிகுடாவின் எதிர்க்கரைக் கட்டடங்களைத் தாண்டி வெயில் வந்ததும் முகத்தில் நேராக விழும். எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் போய்ப் பாருங்கள். நேர் எதிரில் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால், பிடரிமயிரிலும் மீன் செதிலிலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் கிடைக்கும். தட்டையாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த நிழல் இல்லாததுதான்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. சூரியன் ஏழு மணிவாக்கில் உதித்துக் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலேறும், ஒன்பது மணிக்கே ஏறக்குறைய 30 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். உச்சி வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணியளவில். அப்போது எந்தச் சிலையை எடுத்தாலும் கண்குழி இரண்டும் கருப்பாகிவிடும், மூக்கின் நிழல் மீசை போல விழும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் "பொன்னான நேரம்", அதாவது சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம், இங்கே சட்டென்று தீர்ந்துவிடுகிறது, அதனால் நேரத்தோடு போய்விடுங்கள்.

மெர்லயன் வெள்ளை என்பதால் இன்னொரு எச்சரிக்கை. 8.6 மீட்டர் உயரம், நேர் வெயில். படத்தில் செதில்கள் வெளுத்து அழிந்துவிட்டால் எந்த எடிட்டிங்கும் அதைத் திரும்பக் கொண்டுவராது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே எடுங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அதன் வாயிலிருந்து கொட்டும் தண்ணீரின் துளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் ஷட்டர் 1/1000 விநாடி, பட்டுப்போல ஓட வேண்டுமானால் முக்காலியில் வைத்து அரை விநாடி.

2019இல் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் பக்கத்தில் நாராயண பிள்ளை சிலை வைத்திருந்தார்களே, அதை என் அப்பா பழைய கைப்பேசியில் எடுத்தார். சிலை சாம்பல் நிறத்தில், நீலம் பூசியதுபோல் இருக்கிறது. இனிமேல் போய் எடுக்கவும் முடியாது. காப்பாற்ற வழி உண்டா? (உட்லண்ட்ஸ், வாசகி)

உண்டு. இந்தக் கேள்வி வந்ததே எனக்கு மகிழ்ச்சி. நாராயண பிள்ளை 1819இல் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து செங்கல் சூளை போட்டவர், மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளம் இட்டவர். சிங்கப்பூர் வரலாற்றில் இடம்பெற்ற சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரோடு அவருக்கும் அங்கே இடம் கிடைத்தது. தற்காலிகமாக வைத்த சிலை என்பதால் உங்கள் அப்பாவின் படம் குடும்பச் சொத்து. முதல் வேலையாக மூலப் படத்தை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலில் வேலை செய்யாதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும். அப்பாவின் கைப்பேசியிலிருந்தே நேரடியாக எடுங்கள்.

வெள்ளைச் சிலை சாம்பலாகத் தெரிந்தால் அது நல்ல செய்தி. வெளிச்சம் குறைவாகப் பதிந்திருக்கிறது, ஆனால் விவரம் உள்ளே இருக்கிறது. நீலம் வருவது நிழலில் எடுத்ததால். அங்கே சிலைக்குக் கிடைப்பது வானத்தின் ஒளி. நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் சொட்டுக் கருவியால் சிலையின் மேல் நடுத்தரமான ஓர் இடத்தைத் தொடுங்கள், நீலம் பெரும்பாலும் போய்விடும். முழு வெள்ளையாக்கிவிடாமல் கொஞ்சம் வெதுவெதுப்பு விட்டுவையுங்கள். பிறகு வொயிட்ஸை (மிக வெளிச்சமான பகுதிகள்), ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் வலது ஓரத்தைத் தொடும் முன்பு வரை ஏற்றுங்கள். வெளிச்சத்தை வளைகோடாகக் காட்டும் கர்வ் கருவியில் நடுப்பகுதியை லேசாகத் தூக்குங்கள். புள்ளிகள் தெரியத் தொடங்கினால் இரைச்சல் நீக்கத்தைக் கொஞ்சமாகப் போடுங்கள். அதிகம் போட்டால் உடையின் மடிப்புகள் மெழுகாகிவிடும். செயற்கை நுண்ணறிவால் முகத்தைக் "கூர்மையாக்கும்" செயலிகளை இந்தப் படத்துக்குத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். அவை இல்லாத கண்ணையும் உதட்டையும் தாங்களாக வரைந்துவிடும். சிற்பி செய்த முகம் போய் வேறு யாருடைய முகமோ வந்துவிடும்.

சிலையின் தலையில் கட்டடம் முளைத்தது மாதிரி வருகிறதே? (பொங்கோல்)

இரண்டடி நகருங்கள். நிஜமாகவே பெரும்பாலும் அவ்வளவுதான். ஆற்றங்கரை வெள்ளை ராஃபிள்ஸ் இதற்கு நல்ல பாடம். ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி அந்தச் சிலையின் மேல், பின்னாலிருக்கும் உயர்ந்த கட்டடத்தின் நிறத்தையும் கோடுகளையும் தீட்டினார்கள். குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்த்தால் சிலை கட்டடத்துக்குள் மறைந்துபோகும். அந்த இடத்தைவிட்டு விலகினால் மீண்டும் தெரியும். வெளிர் நிறச் சிலைக்குப் பின்னால் மரமோ நிழலோ இருக்கும்படி நில்லுங்கள், கருத்த சிலைக்குப் பின்னால் வெளிச்சமான இடம். அது முடியாவிட்டால் பின்னால் தள்ளி நின்று 85 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸில் துளையளவை எஃப்/4 என்று வைத்து எடுங்கள், கட்டடம் கலங்கிவிடும்.

மலேசியாவின் பத்துமலை முருகன் படத்தில் தலை சின்னதாகவும் கால் பெரிதாகவும் வந்துவிட்டது. தங்க நிறமும் மஞ்சள் குழம்பாக இருக்கிறது. (ஜூரோங் வெஸ்ட்)

42.7 மீட்டர் சிலையின் காலடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் வேறெப்படியும் வராது. சதுக்கத்தின் கோடிக்குப் போய், கேமராவை முடிந்தவரை நேராகப் பிடித்து, மேலே நிறைய இடம் விட்டு எடுங்கள். மீதிச் சாய்வைச் செயலியில் வெர்டிகல் கருவியால் சரிசெய்யலாம். முழுக்கச் சரிசெய்யாமல் முக்கால் பங்கோடு விடுங்கள், இல்லாவிட்டால் தலை கனத்துவிடும். உயரத்தில் வைக்கும் சிலைக்குத் தலையைச் சற்றுப் பெரிதாகச் செய்யும் வழக்கமும் சிற்பிகளிடம் உண்டு.

தங்க நிறத்தில் சிவப்பு அளவு முதலில் எல்லை மீறும். மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தை முக்கால் படி குறைத்து எடுத்துவிட்டு, எடிட்டில் மஞ்சளின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். மார்பிலும் வேலிலும் மடிப்புகள் திரும்பி வரும்.

போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) வாங்கினால் வெண்கலத்தின் பளபளப்பு போகுமா? (தெம்பனிஸ்)

வெறும் உலோகத்தின் பளபளப்பை அது அதிகம் குறைக்காது. மேலே மெழுகுப் பூச்சோ மழை ஈரமோ இருந்தால் ஓரளவு குறைக்கும். சிலைக்குப் பின்னால் இருக்கும் இலைகளுக்கு நன்றாகவே உதவும். பச்சைக் களிம்பு படிந்த வெண்கலத்துக்கு, ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஆட்டோ அந்தப் பச்சையைப் பிழை என்று நினைத்து அழித்துவிடும்.

எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிமூட்டமாகிறது. (பிடோக்)

குளிர்சாதனம்தான் காரணம். பையைத் திறக்காமல் வெளியில் அரை மணி நேரம் வையுங்கள். துடைக்க வேண்டாம்.

கெவனா பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர் சிலைகளை ஆளில்லாமல் எடுக்கவே முடியவில்லை ஐயா. ஆட்களை அழித்துவிடலாமா? (சிராங்கூன்)

அழிக்கலாம். முக்காலியில் ஒரே சட்டகத்தில் பத்துப் பதினைந்து படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) சேர்த்தால் நகர்கிறவர்கள் தாமாக மறைவார்கள். ஆனால் அந்தச் சிலைகளுக்கு ஆட்கள் இருப்பதே அழகு என்பது என் எண்ணம். குதிக்கிற வெண்கலப் பையனைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு நிஜக் குழந்தை வரும்வரை பொறுத்திருங்கள். முகத்தை வெளியிடுவதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.