டிபென்ஸ் ஆடும் பிள்ளைக்கு அவசரம் ஆகாது

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தம்பிக்கு, உங்கள் மகனுக்கு, 14 வயது. ஐஸ் ஹொக்கியில் டிபென்ஸ், அதாவது எதிரணியைத் தடுக்கும் பின்வரிசை இடத்தில், ஆடுகிறான். ரஷ்ய டிபென்ஸ் ஆட்டக்காரர் மிக்கயில் செர்கச்செவ் மாதிரி வரவேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வீட்டுக்காரர் இந்த வருஷத்தோடு நிறுத்து என்கிறார். நடுவில் நீங்கள் நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்கள். நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நிறுத்தவும் வேண்டாம், குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் அதன் தலையில் ஏற்றவும் வேண்டாம். டிபென்ஸ் மெதுவாகப் பழுக்கிற இடம். 14 வயதில் அதற்குத் தீர்ப்பு எழுத முடியாது.

தம்பி சொன்ன ஆளிடமிருந்தே தொடங்குவோம். செர்கச்செவ் 1998இல் ரஷ்யாவின் நிஸ்னெகாம்ஸ்கில் பிறந்தவர். அது பெற்றோலிய ரசாயன ஆலைகளோடு வளர்ந்த ஊர், அங்குள்ள கழகத்தின் பெயரே நெஃப்டெகிமிக். ரஷ்யாவில் இது வழமை. செல்யபின்ஸ்கில் ட்ராக்டர், மக்னிதகோர்ஸ்கில் மெத்தலூர்க், யாரொஸ்லாவ்லில் லோக்கோமோட்டிவ் என்று அந்தந்த ஊரின் தொழில்தான் கழகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. கழகத்தை ஒட்டி ஒரு விளையாட்டுப் பள்ளி இருக்கும். பிள்ளைகள் ஐந்து ஆறு வயதிலேயே அதில் சேர்ந்துவிடுவார்கள். பிறந்த ஆண்டை வைத்து அணி பிரிப்பார்கள். வருஷம் போகப்போக கூட்டம் குறையும். கடைசியில் எஞ்சுகிற பிள்ளைகள் எம்.எச்.எல். என்ற இளையோர் லீக்குக்குப் போவார்கள். அதற்கு மேல் வி.எச்.எல்., உச்சியில் கே.எச்.எல். செர்கச்செவ் கசானில் இளையோர் லீக் ஆடிவிட்டு, 17 வயதில் எங்கள் ஒன்ராறியோவின் வின்ட்சருக்கு வந்தார். 2016இல் வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல். டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தெரிவுசெய்யும் நிகழ்வில், 9ஆவது ஆளாகத் தெரிவானார். 2020, 2021 இரண்டு வருஷமும் டாம்பா அணியோடு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் வென்றார்.

இவ்வளவும் தம்பிக்கு மனப்பாடமாக இருக்கும். 2024 பெப்ரவரியில் என்ன நடந்தது என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு காயம் ஆறித் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே, நியூயோர்க்கில், செர்கச்செவின் கீழ்க்கால் எலும்பு இரண்டும் முறிந்தன. அவரிடம் ஏற்கனவே 8 வருஷத்துக்கு 6 கோடி 80 லட்சம் டொலர் ஒப்பந்தம் இருந்தது. ஆகவே முறிந்தது கால் மட்டும்தான், வீடு முறியவில்லை. இந்தத் தொழிலில் இறங்குகிற மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படி ஒரு காப்பு இருக்காது.

உண்மையில் தம்பி படிக்க வேண்டிய வாழ்க்கை இன்னொரு ரஷ்ய டிபென்ஸ் ஆட்டக்காரரான அந்திரே மார்க்கோவுடையது என்பேன். மொஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள வொஸ்கிரெசென்ஸ்கில் பிறந்தவர். 1998 டிராஃப்டில் மொன்ரியல் அணி அவரை எடுத்தது 162ஆவதாக. யாரும் கைதட்டாத இடம் அது. அவரும் ஓடி வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் மொஸ்கோ டைனமோவில் ஆடி, 2000இல் ரஷ்யச் சாம்பியனான பிறகே, 21 வயதில், மொன்ரியலுக்கு வந்தார். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2009 ஒக்டோபர் 1, பருவத்தின் முதல் ஆட்டம், அதுவும் எங்கள் ரொறன்ரோவில். சொந்த அணிக் கோல்காப்பாளரின் ஸ்கேட் தகடு தற்செயலாகப் பட்டு மார்க்கோவின் கணுக்கால் தசைநார் அறுந்தது. தேறி வந்தார். 2010 ஏப்ரல் கடைசியில் முழங்கால் போனது. அதே ஆண்டு நவம்பரில் அதே முழங்கால் திரும்பவும். இரண்டு பருவங்களில் சேர்த்து 20 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. வயது 33. முடிந்துபோனார் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பிறகு வந்த மூன்று முழுப் பருவங்களில் அவர் ஆடியது 81, 81, 82 ஆட்டங்கள்! 16 பருவங்களும் மொன்ரியலிலேயே, மொத்தம் 990. பிறகு ரஷ்யா திரும்பி, 39 வயதில் கசானின் அக் பார்ஸ் அணியோடு கே.எச்.எல். சாம்பியனுக்கான ககாரின் கிண்ணத்தையும் தூக்கினார்.

கால் இவ்வளவு அடிபட்ட மனிதர் எப்படித் தாக்குப்பிடித்தார்? வேகத்தை நம்பி ஆடுகிறவர் இல்லை அவர். பக் (ஆட்டத்தில் அடிக்கிற ரப்பர் வட்டு) எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்து அங்கே நிற்பார், முதல் பாஸைச் சுத்தமாகக் கொடுப்பார். இந்தப் பார்வை வருஷங்களால் வருவது. முன்வரிசை ஆள் பிழை விட்டால் திருத்தப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். டிபென்ஸ் ஆள் பிழை விட்டால் பின்னால் இருப்பது கோல்காப்பாளர் மட்டும். அதனால்தான் இந்த இடத்தில் பிள்ளைகள் தாமதமாகத் தேறுகிறார்கள், டிராஃப்டின் அடியிலிருந்தும் நல்லவர்கள் வருகிறார்கள். ரஷ்ய டிபென்ஸ் ஆட்டக்காரர் கவ்ரிக்கோவ் 159ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். நிக்கித்தா சைத்செவை எவருமே டிராஃப்ட் செய்யவில்லை. ரஷ்யாவில் வளர்ந்து, 2016இல் 24 வயதில் நேரே எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்.

சரி, கசப்பானதையும் சொல்ல வேண்டும். விளாடிமிர் கொன்ஸ்டான்டினோவ் 221ஆவதாக எடுக்கப்பட்டு, டிட்ரோயிட்டில் உலகின் மிகச் சிறந்த டிபென்ஸ் ஆட்டக்காரர்களில் ஒருவரானவர். 1997 ஜூன் 7இல் ஸ்டான்லி கிண்ணம் வென்றார். ஆறு நாள் கழித்து, அவரும் அணித்தோழர் ஃபெதிசோவும் போன வாடகைக் கார் மரத்தில் மோதியது. ஃபெதிசோவ் தப்பினார், அடுத்த பருவமும் ஆடினார். கொன்ஸ்டான்டினோவுக்கு மூளையில் கடும் காயம். 30 வயதில் ஆட்டம் முடிந்தது. தம்பியைப் பயப்படுத்த இதைச் சொல்லாதீர்கள். ஆனால் வீட்டுக்காரரின் பயத்தைச் சும்மா பிடிவாதம் என்று நீங்கள் ஒதுக்கிவிடவும் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது.

விளையாட்டு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் செர்கேய் கோன்சார். 1,301 என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடியவர். 2006இல் ரஷ்யாவிலிருந்து பிட்ஸ்பேர்க் வந்திறங்கிய இளம் ஆட்டக்காரர் மல்கினைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அதே அணியில் டிபென்ஸ் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சொல்லிக் கொடுக்கும் பழக்கமும், இரண்டாவது மொழியும், பொறுமையும் ஆடும் காலத்திலேயே அவரிடம் சேர்ந்திருந்தன. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த உங்கள் பிள்ளை இப்போதே சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுக்கத் தொடங்கலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. வரும் சனிக்கிழமை ரிங்கில் கோலைப் பார்க்காமல் தம்பியை மட்டும் பாருங்கள். பக் மூலைக்குள் போகிறது, அவன் திரும்பி ஓடுகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒருக்கால் திரும்பிப் பார்க்கிறானா? பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ரிங்கைச் சுற்றியுள்ள பலகையை நோக்கிப் போகிற பிள்ளைதான் அடிபடுவான். அடுத்து, எதிரணிப் பிள்ளை வேகமாக வரும்போது இவன் பின்நோக்கி ஸ்கேட் பண்ணுவான். இருவருக்கும் இடையில் ஒரு ஸ்டிக் நீளம் அளவுக்குத் தூரத்தைக் காக்கிறானா, பொறுக்க முடியாமல் பாய்கிறானா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அவன் பிழையால் கோல் விழுந்த பிறகு பெஞ்சில் எப்படி இருக்கிறான்? அடுத்த முறை ஐஸில் இறங்கும்போது பக்கைக் கேட்டு வாங்குகிறானா, ஒளிக்கிறானா? இவற்றைக் குறித்து வைத்து, பிறகு கோச்சிடம் தனியாகக் கதையுங்கள்.

படிப்பு விஷயத்தில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் கதவு மூடிவிடும். பிள்ளையின் 16 வயதிலேயே பெற்றோர் இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தது. 2025 ஓகஸ்ட் 1 முதல் அந்த விதி மாறிவிட்டது. இரண்டு பாதையும் திறந்திருக்கிறது. ஆனால் கல்லூரிப் பாதைக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கணக்கில் வரும். பயணத்துக்கு வசதி என்று இலேசான பாடங்களுக்கு மாற விடாதீர்கள். 11, 12ஆம் வகுப்புகளில் 'யூ' என்ற பல்கலைக்கழக நுழைவுக்கான பாடங்கள்தான். கணிதத்தில் பின்தங்கினால் கோடைகால ஹொக்கி முகாமை விட்டுவிட்டு ட்யூஷனுக்கு அனுப்புங்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கே ஆட்டம் நிற்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும்வரை பயிற்சி வேண்டாம். எங்கள் மாகாணத்தில் ரோவன் சட்டம் இருப்பதே இதற்காகத்தான். தம்பி "எனக்கு ஒண்டுமில்லை" என்பான், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், கேட்காதீர்கள்.

அடுத்த தரம் வரும்போது வீட்டுக்காரரையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தம்பி தன்னுடைய கடைசி ரிப்போர்ட் கார்டையும், தான் நன்றாக ஆடாத ஓர் ஆட்டத்தின் வீடியோவையும் கொண்டுவரட்டும். அந்த ஆட்டத்தில் எங்கே பிழைத்தது என்று அவனே அப்பாவுக்கு விளங்கப்படுத்தட்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன்.