கணக்கெடுக்கும் நாளில் கேமரா பையில் இருக்கட்டும்

கேள்வி: வெப்பமண்டலச் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. களத்தில் இல்லாத நாட்களில் தெருப் புகைப்படம் எடுப்பேன். காட்டுக்குள் போனாலும் என் கேமரா மனிதர்களைத்தான் தேடுகிறது. ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்கிறார் வழிகாட்டி. இரண்டையும் சேர்த்து நடத்த முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் வழிகாட்டி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பறவைக் கணக்கெடுப்புக்கு நல்ல நேரம் விடியற்காலை. படத்துக்கு நல்ல வெளிச்சமும் அப்போதுதான். நடந்துகொண்டே எண்ணும் பாதையில் ஒரு படத்துக்காக ஐந்து நிமிடம் நின்றால், அந்த இடத்தில் மட்டும் கூடுதலாக நாலு பறவை கண்ணில் படும். தரவு கோணிவிடும். அதனால் கணக்கெடுக்கும் நாளில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளைப் படத்துக்கு ஒதுக்கி, அதை வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்தால்தான் மனக்கசப்பு வரும்.

சரி, ஆய்வே படத்துக்கு உதவும் என்ற மறுபாதிக்கு வருவோம். டிம் லேமன், போர்னியோ காட்டில் பிற மரங்களைச் சுற்றி நெரித்து வளரும் அத்திகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 2016இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் விருதை அவருக்கு வாங்கித் தந்த படத்தில், அப்படி அத்தி சுற்றிய ஓர் உயர்ந்த மரத்தில் ஓராங்குட்டான் ஏறுகிறது. பழத்துக்காக அது திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, மரமேறிச் சிறு கேமராக்களைப் பொருத்திவிட்டுக் கீழிருந்து இயக்கினார். எங்கே காத்திருக்க வேண்டும் என்பது ஆய்வு கற்றுத்தந்த பாடம்.

ஆனால் உங்களுக்கு விலங்குகளைவிட மனிதர்கள்மேல் ஈர்ப்பு. அப்படியானால் ஆய்வு என்னும் உழைப்பையே படம் எடுங்கள் என்பேன். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் நிலத்தில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டையும் சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் வேலை அது. இப்படி அளக்கும் இடத்தில் நின்று பாருங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பெயின்ட் கோடு. அதன்மேல் நாடாவைச் சுற்றி ஒருவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் குறித்துக்கொள்கிறார். கழுத்தில் எறும்பு கடித்தாலும் நாடாவை விட முடியாது. அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேருள்ள மரமென்றால் ஏணி போட்டு, வேருக்கு மேலே அளக்க வேண்டும். கட்டுரையின் நன்றியுரையில் ஒரே வரியில் முடிந்துபோகிறவர்கள் இவர்கள். தெருவில் பழகிய உங்கள் கண்ணுக்கு, கையும் முகமும் ஒன்றாகப் பேசும் கணம் இங்கே நிறையக் கிடைக்கும்.

தெருவிலும் சூழலியல் இருக்கிறது. பழைய கட்டடத்து விரிசலில் முளைத்த அத்தியைப் பாருங்கள்: ஏதோ பறவையோ வௌவாலோ எச்சத்தோடு போட்ட விதை. மேலே ஒருவர் வேரை வெட்டுகிறார், பால் வடிகிறது. கீழே இன்னொருவர் அதன் நிழலில் வண்டியை நிறுத்துகிறார். மற்றவர்கள் கடந்துபோகும் இந்தக் காட்சி உங்களுக்கு மட்டும் நின்று பேசும்.

கருவியில் அதிகம் குழம்ப வேண்டாம். 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 8 அளவில் வைத்து மூன்று மீட்டருக்குக் குவித்தால், முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். தெருவுக்கு அது போதும். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கோ வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான் வந்து சேரும். அதாவது ஆறேழு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அங்கே துளையைத் திறந்துவிட்டு, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும் முன், கேமராவைக் காற்றுப் புகாத பையில் வைத்து வெளி வெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லையென்றால் லென்ஸில் நீர் பூத்துவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைத் துடைத்தே கெடுத்தவன் சொல்கிறேன்.

அப்புறம், படம் எடுத்த அன்றே தேதி, இனப்பெயர், படத்தில் இருப்பவரின் பெயர், அவர் சம்மதித்தாரா என்பதையெல்லாம் களக்குறிப்பில் எழுதிவிடுங்கள். உங்களோடு சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார். அதனால் வெளியிடும் முன் படத்தைக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். அரிய ஆர்க்கிட் போன்றவற்றின் படங்களை இணையத்தில் ஏற்றும்போது ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். திருடுகிறவர்களுக்கு அதுவே வரைபடம்.

பணத்தைப் பொறுத்தவரை, சம்பளம் ஒரு பக்கமிருந்து ஒழுங்காக வரட்டும். உங்கள் நிலையில் அது ஆய்வுதான். உலகப் புகழ்பெற்ற பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியோ சால்கடோகூட சர்வதேச காபி அமைப்பில் பொருளாதார வல்லுநராக இருந்தபோதுதான் பயணங்களில் படமெடுக்கத் தொடங்கினார். 1973இல்தான் அந்த வழியை விட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். நீங்கள் முதலில் ஆய்வேட்டை முடியுங்கள். அதற்கிடையே உதவித்தொகை ஒப்பந்தத்தையும் ஆய்வு அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். களத்தில் எடுத்த படம் யாருக்குச் சொந்தம், அதை விற்கலாமா என்பது அதில் இருக்கலாம். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கான அனுமதியில் வணிகப் படப்பிடிப்பும் அடங்கும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.