எந்த நாட்டின் மகப்பேறுச் சட்டம் சிறந்தது?

விடுப்பு வாரங்களை மட்டும் எண்ணி இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் தவறான முடிவுக்கே வருவோம். விடுப்புக் காலத்து ஊதியத்தை யார் தருகிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. ஜெர்மனியில் பிரசவத்திற்கு முன் 6, பின் 8 என 14 வாரங்களே. ஆயினும், ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வராத இந்தியப் பெண்ணுக்கு முழுத் தொகையையும் முதலாளியே தர வேண்டியிருப்பதால், புதிதாக மணமான ஒருவர் நேர்காணலுக்கு வந்து அமரும்போதே சிறு நிறுவன உரிமையாளரின் மனத்தில் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஜெர்மனியிலோ மருத்துவக் காப்பீட்டு நிதியம் நாளொன்றுக்கு 13 யூரோ வரை தர, மீதியை முதலாளி ஈடுகட்டினாலும், நிறுவனங்கள் அனைத்தும் பங்களிக்கும் ஒரு நிதியிலிருந்து அத்தொகை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை (2000) வலியுறுத்துவதும் இத்தகைய சமூகக் காப்பீட்டு வழியைத்தான்.

அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தருவது 12 வார ஊதியமில்லா விடுப்பு மட்டுமே.

யாருக்குப் பொருந்தும் என்பதும் முக்கியம்: இந்தியாவின் 26 வாரங்கள் வயலில் கூலி வேலை செய்யும் பெண்ணை எட்டுவதே இல்லை.