அந்த மூன்று பெயர்கள்

கேள்வி: உங்கள் இதழில் வீடியோ கேம் கட்டுரை என்று நம்பிப் படித்தால், எழுதியவர் இரண்டு பக்கத்துக்குத் தன் சொந்தக் கதையைச் சொல்கிறார். கிராஃபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம் ஓடும், வாங்கலாமா? இதைச் சொன்னால் போதாதா?

பதில்: போதாது. 2012-இல் வந்த 'ஜர்னி'யை எடுத்துக்கொள்வோம். மணல்வெளி கண்ணைப் பறிக்கும், சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், வாங்கலாம். நீங்கள் கேட்டதெல்லாம் சொல்லியாயிற்று. அந்த விளையாட்டைப் பற்றி இப்போது உங்களுக்கு என்ன தெரிந்தது?

நான் ஆடியதைச் சொல்கிறேன். பாலைவனத்தில் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். இணையம் வழியே எங்கிருந்தோ ஆடுகிறவர். பெயர் தெரியாது, பேசவும் முடியாது. பொத்தானை அழுத்தினால் ஓர் ஒலி எழும். எங்களுக்குள் இருந்த மொழி அவ்வளவுதான். கடைசியில் பனிமலை ஏறும்போது குளிரில் நடை தளர்ந்துவிடும். ஒருவரையொருவர் ஒட்டி நடந்தால், பறக்க உதவும் கழுத்துத் துணிக்குக் கொஞ்சம் உயிர் வரும். காற்று என்னைப் பின்னால் தள்ளியபோது அவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். ஆரம்பத்திலிருந்து கூட வந்தவராயிற்றே என்று நெகிழ்ந்துபோனேன். ஆட்டம் முடிந்ததும், உடன் வந்தவர்களின் பெயர்கள் திரையில் வந்தன. மூன்று பெயர்கள்! எல்லோருக்கும் ஒரே மாதிரி அங்கி. வழியில் ஆள் மாறியதே எனக்குத் தெரியவில்லை. எனக்காகத் திரும்பி வந்தவர் அந்த மூவரில் யார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

என்னை விட்டுவிட்டு இதை எப்படி எழுதுவது? நீங்கள் ஆடியபோது ஒரே ஆள் கடைசி வரை வந்திருக்கலாம்; யாருமே வராமலும் போயிருக்கலாம்.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. விளையாட்டின் பெயரை முதல் வரியில் போட்டுவிட்டு, அப்புறம் தன் சோகத்தை மட்டுமே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருவதைத் திருப்பி அனுப்புகிறோம். எந்த இடத்தில் உங்கள் கை தயங்கியது, விளையாட்டின் எந்த விதி அப்படித் தயங்க வைத்தது என்று கேட்கிறோம். 1984-இல் உருவான டெட்ரிஸில் கதையே கிடையாது; ஏழு வடிவங்கள் மாறி மாறி விழும், இடைவெளி இல்லாமல் அடுக்கி வரிசையை நிரப்ப வேண்டும். ஆனாலும் நீளக் கட்டை வரும் என்று ஓரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்த பதற்றத்தை ஒருவர் ஒழுங்காக எழுதட்டும், வாங்கலாமா என்பதற்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். எழுதி அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் என்பதைப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக நாங்கள் போட்டுவிடுகிறோம்.