ஸ்கேன் நார்மல், ஆனால் தம்பி எரிந்து விழுகிறானே?

கேள்வி: என் தம்பி கல்லூரி கபடி அணியில் ரைடர். மூன்று வாரம் முன்பு ஆட்டத்தில் விழுந்து தலை தரையில் மோதியது. சிடி ஸ்கேன் நார்மல். ‘கன்கஷன்’ (மூளை அதிர்வுக் காயம்) என்றார் டாக்டர். இப்போது தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான். அறையை விட்டு வருவதில்லை, நண்பர்கள் போனையும் எடுப்பதில்லை. எப்படித் தேற்றுவது?

பதில்: ‘ஸ்கேன்தான் நார்மலாச்சே’ என்ற பேச்சை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு போன்றவற்றைத்தான் சிடி ஸ்கேன் காட்டும். கன்கஷனில் குலைவது மூளை வேலை செய்யும் விதம்; அது படத்தில் விழாது. எரிச்சலும் அழுகையும் தூக்கக்கேடும் தலைவலியைப் போலவே இந்தக் காயத்தின் அறிகுறிகள். கால் முறிந்தவனுக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். இவன் சொல்வதை நீங்கள்தான் நம்ப வேண்டும்.

இருட்டறையில் நாள் கணக்கில் படுத்திருக்கச் சொன்ன காலம் போய்விட்டது. முதல் ஓரிரு நாள் (24–48 மணி நேரம்) ஓய்வு, அப்புறம் தலைவலி கூடாத அளவுக்கு நடை என்பதே விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் பரிந்துரை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாலையில் அவனோடு நடந்துவிட்டு வாருங்கள். பேசியே ஆக வேண்டும் என்றில்லை.

அவன் இழந்திருப்பது ஆட்டத்தை மட்டுமல்ல, தினசரி கூடிய கூட்டத்தையும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன் என்றால் சீட் பயமும் உள்ளே அரிக்கும். கல்லூரி பி.டி. சாரைப் பாருங்கள். ‘உன் இடம் அப்படியே இருக்கு’ என்று, அது உண்மையானால், அவர் வாயால் சொல்லட்டும். சத்தம் தாங்குமானால் அரைமணி நேரம் மைதானத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதட்டும். நண்பர்கள் ஒருவர் இருவராக வீட்டுக்கு வரலாம். ‘எப்போ ஆட வருவே?’ என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வலியை மறைத்து, ‘சரியாயிடுச்சு’ என்கிறார்கள். முழுதாக ஆறுமுன் மறுபடி அடிபடுவது ஆபத்து. படிப்புக்கு முழுதாகத் திரும்பிய பிறகே ஆட்டம், அதுவும் படிப்படியாக. பிடித்து விழுத்தும் பயிற்சி, டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

பெரும்பாலானோர் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.