1862 விக்டோரியா ரூபாய்: காந்தத்தில் ஒட்டவில்லை, எடை 9.8 கிராம்

இந்த வெள்ளி ரூபாய் அசலா என்று கேட்டால், போலியாகத்தான் தெரிகிறது. காந்தத்தில் ஒட்டாதது ஒரு சான்றே அல்ல; செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. எடைதான் உறுத்துகிறது: இருக்க வேண்டியது 11.66 கிராம். கைபட்டுத் தேய்ந்து கிட்டத்தட்ட இரண்டு கிராம் போகாது. அநேகமாக ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை; பெயரில்தான் வெள்ளி) மேல் வெள்ளி முலாம்.

உறுதிசெய்ய, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 9.8ஐ வகுங்கள்; வருவதுதான் நாணயத்தின் அடர்த்தி. அசல் என்றால் 10.3 பக்கம் வரும் (91.7 சதவீத வெள்ளி). 8.7 பக்கம் வந்தால் ஆசையை விட்டுவிடலாம்.

ஒன்று: வெள்ளியிலேயே வார்த்த போலிகளும் உண்டு, அவை இதில் தப்பிவிடும். விளிம்பில் வார்ப்புக் கோடு இருக்கிறதா, எழுத்துகள் மழுங்கியிருக்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம். அசலாக இருந்துவிட்டால் மதிப்பு போய்விடும்.